நெய்வேலியிலிருந்து சென்னைக்கு நாற்பது நிமிடமாம்!

கடலூரையும் சிதம்பரத்தையும் வரைபடத்தில் இரண்டு புள்ளியாகக் குறித்து, நடுவே ஒரு கோடு போட்டால் சுமார் 40 கி.மீ. வரும். 800 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு இது மூன்று நிமிட வேலை. ஏர் ஹோஸ்டஸ் சிரித்து முடிப்பதற்குள் நடராஜர் கோயில் கோபுரம் வந்துவிடும்.

ஒரே ஒரு குறை. கடலூரில் விமான நிலையம் இல்லை. சிதம்பரத்திலும் இல்லை.

ஆனால் ஆசை இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் சென்னை என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் அடிக்கடி எழும்பும். நெய்வேலியில் ஏற்கனவே ஒரு ஓடுபாதை கிடக்கிறதே, அதில் விமானம் விட்டால் என்ன, மாவட்டமே மாறிவிடாதா என்று டீக்கடையிலும் கேட்பார்கள், மேடையிலும் கேட்பார்கள். தூரம் குறைந்தால் முன்னேற்றம், நேரம் குறைந்தால் முன்னேற்றம், விமானம் வந்தால் இரண்டும் குறையும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

போட்டுப் பார்க்கலாம்.

நெய்வேலி ஓடுபாதையிலிருந்து சென்னை மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 170 கி.மீ. இந்தமாதிரி குட்டித் தடங்களில் ஓடுவது ஏடிஆர் வகை விமானங்கள், அல்லது அதைவிடச் சின்னவை. ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். அப்படியானால் 170 கி.மீ.க்கு இருபது நிமிடம்தானே? இங்கேதான் முதல் ஏமாற்று. எந்த விமானமும் ஓடுபாதையில் கிளம்பிய உடனே 500 கி.மீ. வேகம் எடுப்பதில்லை. தரையில் ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வழி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், காற்றின் திசை பார்த்து வளைந்து வந்து இறங்க வேண்டும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் பயணம் எவ்வளவு சின்னதானாலும் அதிகம் குறையாது. அதனால்தான் தூரம் பாதியானால் பறக்கும் நேரம் பாதியாவதில்லை. சேலத்திலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் 270 கி.மீ. இருக்கும். அதற்கே டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போடுகிறார்கள். விமான நிறுவனங்கள் இதை 'பிளாக் டைம்' என்பார்கள், அதாவது கிளம்பிய இடத்தில் சக்கரம் நகர்ந்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரம் நிற்கும் வரை. நெய்வேலி – சென்னைக்கு அது 45, 50 நிமிடம் வரும். சரி, பறப்பது 50 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் ஒருவர் எழும்பூருக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து புவனகிரி, வடலூர் வழியாக நெய்வேலி ஏர்போர்ட்டுக்கு 45 கி.மீ.க்கு மேல். கார் இருந்தால் ஒன்றேகால் மணி. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது 50 நிமிடம். இறங்கி, பெட்டி வாங்கி, வெளியே வர 25 நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ பிடித்து எழும்பூர் போக காத்திருப்பையும் சேர்த்து முக்கால் மணி. கூட்டினால் நாலே கால் மணி.

சிதம்பரத்தில் ரயில் ஏறினால்? நல்ல எக்ஸ்பிரஸ் என்றால் நாலு, நாலரை மணி நேரத்தில் எழும்பூரிலேயே இறக்கிவிடும். உட்கார்ந்துகொண்டோ படுத்துக்கொண்டோ போகலாம், வேர்க்கடலை வாங்கலாம், பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் வைக்க வேண்டியதில்லை.

கடலூர்க்காரர் கதை இன்னும் வேடிக்கை. மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் நெய்வேலிக்குப் போவதென்றால் தென்மேற்கே போக வேண்டும். சென்னை இருப்பது வடக்கே! அதாவது சென்னைக்குச் சீக்கிரம் போவதற்காக முதலில் சென்னைக்கு முதுகைக் காட்டி முப்பத்தைந்து நாற்பது கி.மீ. போகிறார். அந்த நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் அவரை புதுச்சேரி தாண்டிக் கொண்டுபோயிருக்கும்.

இந்தக் கணக்கில் மிச்சமாவது என்ன? சிதம்பரத்துக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம், கடலூருக்கு நஷ்டம். ஏர்போர்ட் பக்கத்திலேயே குடியிருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்காரர்களுக்கு மட்டும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் மிச்சமாகலாம். நல்லது, மிச்சமாகட்டும். ஆனால் அதை 'கடலூர் மாவட்டத்துக்கு விமானம்' என்று ஏன் சொல்ல வேண்டும்?

விமானம் விட்டுப் பார்க்காமலே பேசுவது நியாயமா என்று கேட்கலாம். விட்டுப் பார்த்திருக்கிறார்கள்! 1981இல் அரசு தொடங்கிய வாயுதூத் நிறுவனம் சின்ன ஊர்களை எல்லாம் வானத்தில் இணைக்கிறேன் என்று கிளம்பி, நெய்வேலிக்கும் பறந்தது, தஞ்சாவூருக்கும் பறந்தது. பத்தொன்பது பேர் உட்காரும் டார்னியர் 228 மாதிரி குட்டி விமானங்கள். நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து 1990களில் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்து போனது. நெய்வேலி ஓடுபாதை மறுபடி தூங்கப் போனது.

அடுத்து வந்தது உடான் திட்டம். 2016இல் அறிவித்தார்கள். சின்ன ஊர் தடங்களுக்கு ஏலம், ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய் அளவில், நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருடம் மானியம். அந்த மானியத்தில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. மீதியைத் திரட்ட பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது தீர்வை போட்டார்கள். 2017இல் நடந்த முதல் சுற்று ஏலத்தில் நெய்வேலி – சென்னை தடம் ஏர் ஒடிசா என்ற நிறுவனத்துக்குப் போனது. பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. இனிப்பு கொடுக்காத குறை. ஏர் ஒடிசா இந்தத் தடத்தில் ஒரு நாள்கூடப் பறக்கவில்லை. ஓடுபாதையும் தயாராகவில்லை, பிறகு அந்த நிறுவனமே காணாமல் போனது. அதற்கப்புறம் எத்தனையோ முறை 'விரைவில்' என்று செய்தி வந்துவிட்டது.

இது நெய்வேலிக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்தால், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் பார்க்க வேண்டும். உடானின் முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தடங்கள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருட மானியக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. எழுநூற்று எழுபத்து நாலில் ஐம்பத்து நாலு. பத்துக்கு ஒன்றுகூட இல்லை. பரீட்சையில் இப்படி மார்க் வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தோற்றதற்குக் காரணம் நிர்வாகம் மட்டுமில்லை. தூரமும் ஒரு காரணம். ஒரு விமானம் ஏறி இறங்குவதில்தான் எரிபொருளும் சக்கரமும் பிரேக்கும் அதிகம் தேய்கின்றன. 170 கி.மீ.க்கு ஒரு முறை ஏறி இறங்கினாலும் 600 கி.மீ.க்கு ஒரு முறை ஏறி இறங்கினாலும் அந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 170 கி.மீ.க்கு யார் எவ்வளவு கொடுப்பார்? பஸ்ஸும் ரயிலும் சில நூறு ரூபாயில் போகிற தூரத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்க தினமும் ஆள் வேண்டும். மானியம் இருக்கும்வரை பறக்கும், நின்றால் இறங்கிவிடும்.

பிரான்ஸ் பணக்கார நாடு. விமானம் தயாரிக்கிற நாடு. மேலே சொன்ன ஏடிஆரே அங்கே துலூஸ் நகரத்தில் பூட்டப்படுவதுதான். அந்த நாடு 2021இல் ஒரு சட்டம் போட்டு, 2023 மே மாதம் அமலுக்குக் கொண்டுவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்பது சட்டம். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ நகரங்களுக்குப் பறப்பது அதனால் நின்றது. அங்கே மூன்றே தடங்கள்தானே, கண்துடைப்புதானே என்று விமர்சனம் இருக்கிறது, அதுவும் நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு சட்டம் போடுவதற்கு முதலில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயில் இருக்க வேண்டும். அங்கே இருந்தது. லியோனுக்கு 400 கி.மீ.க்கு மேல், ரயிலில் இரண்டு மணி நேரம்.

இங்கே என்ன இருக்கிறது? அதைத்தான் பேச வேண்டும்.

எழும்பூரிலிருந்து விழுப்புரம் 159 கி.மீ. அதுவரை இரட்டைப் பாதை. விழுப்புரத்தில் பாதை பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போவது கார்டு லைன். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போவதற்குப் பெயர் மெயின் லைன். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பெயர். 1920களின் கடைசியில் கார்டு லைன் திறந்ததும் தூரம் குறைவென்று முக்கிய ரயில்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பெயரில் மட்டும் மெயின் மிச்சமாக இருக்கிறது!

நாடு முழுக்க அகலப்பாதை வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் இந்தப் பக்கம் வந்தது. விழுப்புரம் – மயிலாடுதுறை 122 கி.மீ. மீட்டர்கேஜ் பாதையை 2006 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் பயணிகள் ரயில் ஓடியது 2010இல். நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அந்தப் பாதையில் ரயிலே கிடையாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அந்த மூன்று வருடம் படித்த பையன்கள் சிதம்பரம் ஸ்டேஷனில் ரயிலைப் பார்க்காமலே டிகிரி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பிறகு மின்சாரக் கம்பியும் வந்தது. ஆனால் விழுப்புரத்துக்குக் கீழே தஞ்சாவூர் வரைக்கும் பாதை இன்னும் ஒற்றைதான்.

ஒற்றைப் பாதை என்றால் என்ன அர்த்தம் என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கும். அங்கே ஏறவும் ஆள் இருக்காது, இறங்கவும் ஆள் இருக்காது. கிராஸிங். எதிரே வருகிற வண்டி தாமதம் என்றால் இந்த வண்டியும் தாமதம். இந்த வண்டி தாமதமானால் அடுத்த ஸ்டேஷனில் இதற்காகக் காத்திருக்கும் வண்டியும் தாமதம். புதிய ரயில் கேட்டால் 'பாதையில் இடமில்லை' என்ற பதில். பாசஞ்சர் வண்டிகளை அதிகப்படுத்துங்கள் என்றாலும் அதே பதில். நாலரை மணி நேரத்தை மூன்றரையாகக் குறைக்க வானத்துக்கு ஏற வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து தெற்கே இன்னொரு ஜோடி தண்டவாளம் போட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரை ஓரமாக ஒரு புதிய ரயில் பாதை. 2000களின் பிற்பகுதியில் ரயில்வே பட்ஜெட்டில் இடம்பிடித்தது. அது வந்தால் விழுப்புரம் சுற்றிப் போகும் தூரம் மிச்சம். சர்வே என்றார்கள், மறு சர்வே என்றார்கள். பட்ஜெட் தோறும் பேருக்கு ஒரு தொகை ஒதுக்கினார்கள். தண்டவாளம் மட்டும் விழவில்லை. இதற்காக யாராவது மேடையில் தொண்டை கிழியக் கத்தினார்களா? நெய்வேலி விமானத்துக்குக் கத்துவதில் பாதி கூட இல்லை. விமானம் என்றால் போட்டோவில் நன்றாக விழும். இரட்டைப் பாதையை யார் போட்டோ எடுப்பார்கள்?

விமானமே வேண்டாம் என்று சொல்ல வந்ததில்லை இது. இந்த மாவட்டத்தில் விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர்களுக்குச் சென்னை ஊரில்லை, சென்னை ஒரு வாசல். சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம். சிங்கப்பூருக்கும் அதே நாலு மணி நேரம். பரங்கிப்பேட்டை வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகத்தான் அதைவிட அதிகம்!

அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே வேன் பிடிக்க வேண்டும். வாப்பா, உம்மா, தம்பி, மாமா என்று ஒரு பட்டாளம் ஏறும். டிரைவர் ராத்திரி தூக்கத்தில் வண்டி ஓட்டுவார். திரும்பி வரும்போது அதைவிட மோசம், அவருக்கு முழு ராத்திரியும் தூக்கமில்லை. பஸ்ஸில் போகலாமென்றால் திண்டிவனம் வழியாக வருகிற பஸ் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் 30இல் அந்தப் பேருந்து முனையம் திறந்த நாளிலிருந்து இந்தக் கதை. முப்பது கிலோ பெட்டியோடு அங்கே இறங்கி, இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, இன்னும் பதினைந்து கி.மீ.க்கு மேல் போனால்தான் ஏர்போர்ட். கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்தால் திருவான்மியூரிலோ அடையாரிலோ இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும்.

இவர்களுக்கு நெய்வேலி விமானத்தால் என்ன பயன்? பத்தொன்பது இருக்கை விமானத்தில் முப்பது கிலோ பெட்டியை ஏற்ற விடுவார்களா என்பதே சந்தேகம். இவர்களுக்கு வேண்டியது சிதம்பரத்தில் ஏறினால் மீனம்பாக்கம் டெர்மினல் வாசலில் இறக்கிவிடும் ஒரு பஸ். இரவு ஒன்று, பகலில் ஒன்று. பெட்டி வைக்க அடியில் இடம் இருக்க வேண்டும். பெங்களூரில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அங்கே கெம்பேகவுடா விமான நிலைய வாசலில் இருந்து மைசூருக்கு கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஃப்ளைபஸ் ஓடுகிறது. இடையில் பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாற வேண்டியதில்லை. இதற்கு ஓடுபாதை வேண்டாம், டிஜிசிஏ உரிமம் வேண்டாம், மானிய ஏலம் வேண்டாம். ஒரு பஸ், இரண்டு டிரைவர், ஒரு பர்மிட்.

திருச்சியும் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சென்னையைவிடப் பக்கம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜாவுக்கு நேர் விமானங்கள் பறந்து பழகிய ஊர். 2024 ஜனவரியில் புது முனையத்தையும் பிரதமர் வந்து திறந்தார். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டைக்காரர்கள் பலர் அதைத்தான் பிடிக்கிறார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை நாலுவழிச் சாலை 2025 ஜூலையில் திறந்தபிறகு தஞ்சாவூர் பக்கம் போவது இன்னும் லேசாகிவிட்டது. பாருங்கள், எந்த ஓடுபாதையும் நீளவில்லை, எந்த விமானமும் புதிதாக வரவில்லை. ஆனால் விமான நிலையம் பக்கத்தில் வந்துவிட்டது. சாலை செய்த வேலை இது.

புதுச்சேரி விமான நிலையத்தையும் மறக்கக் கூடாது. இலாசுப்பேட்டையில் இருக்கிறது. கடலூரிலிருந்து முப்பது கி.மீ.கூட இல்லை. கடலூர்க்காரருக்குச் சொந்த விமான நிலையம் என்று ஒன்று சொன்னால் அது இதுதான், யூனியன் பிரதேச எல்லை குறுக்கே இருந்தாலும். 2017இல் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் இங்கிருந்து ஐதராபாத்துக்குப் பறந்தது, பிறகு பெங்களூருக்கும். 2024 மார்ச்சில் நிறுத்தியது. அதே வருடம் டிசம்பர் 20ஆம் தேதி இண்டிகோ ஏடிஆர் விமானத்தோடு வந்து இரண்டு ஊருக்கும் தொடங்கியது. இதில் ஐதராபாத் தடத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நேர்க்கோட்டில் 600 கி.மீ. ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போய் மறுநாளும் கொஞ்சம் போக வேண்டும். கடலூரிலிருந்து கிளம்பி, காத்திருந்து, பறந்து, இறங்கினாலும் அரை நாளில் முடிந்துவிடும். விமானம் விமானமாக இருப்பது இந்தத் தூரத்தில்தான்.

அங்கே உள்ள சிக்கல் ஓடுபாதையின் நீளம். 1,500 மீட்டர். ஏடிஆர் இறங்கும், ஏர்பஸ் 320 இறங்காது. நீட்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள் விழுப்புரம் மாவட்ட நிலம் வேண்டும். புதுச்சேரி கேட்கிறது, தமிழ்நாடு யோசிக்கிறது, வருடங்கள் ஓடுகின்றன. அந்த நிலத்தில் விவசாயம் பண்ணுகிறவர்களுக்கும் கேள்வி இருக்கும், அதற்கும் பதில் வேண்டும். ஆனால் பேச வேண்டிய இடம் இது. முப்பது கி.மீ. தள்ளி பாதி வேலை முடிந்த ஒரு விமான நிலையம் இருக்கும்போது, தெற்கே நாற்பது கி.மீ.யில் இன்னொன்றுக்கு ஆசைப்படுவது எதற்கு?

நெய்வேலி என்றதும் நிலம் ஞாபகம் வராமல் இருக்காது. அந்த ஓடுபாதை என்.எல்.சி.யுடையது. சுற்றியுள்ள கிராமங்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து நிலம் கொடுத்தே தேய்ந்தவை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் பயிர் நின்ற வயலில் பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காக எந்திரங்களை இறக்கினார்கள். ரெண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும். உயர்நீதிமன்றமே அதைப் பார்த்து வேதனைப்பட்டது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த வயலைப் பறிகொடுத்தவரிடம் போய் 'உங்கள் ஊருக்கு விமானம் வருகிறது' என்று சொல்ல கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இந்த மாவட்டத்தில் நிமிடம் கணக்குப் பார்க்கிறவர்கள் யார் என்று பார்த்தால் ஏர்போர்ட்டில் நிற்க மாட்டார்கள். ஜிப்மரில் நிற்பார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து, புவனகிரியிலிருந்து, சிதம்பரத்திலிருந்து விடிவதற்கு முன் பஸ் ஏறி, கடலூர் வந்து, அங்கிருந்து புதுச்சேரி வந்து, கோரிமேடு பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள். சிதம்பரத்திலிருந்து ஜிப்மர் எழுபது கி.மீ. அளவுதான். ஆனால் அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று போவதற்குள் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுமோ என்ற பயம். இந்த இரண்டு சிலைகளுக்கும் நடுவே மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். எத்தனை வருடமாகக் கேட்டது அது! மறுபக்கம், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு எடுத்துக்கொண்டு அதுதான் இனி கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி என்று ஆக்கிய பிறகு, பண்ருட்டிக்காரர்களும் கடலூர்க்காரர்களும் தெற்கே சிதம்பரம் வர வேண்டும். மாவட்டத் தலைநகரம் வடக்கு ஓரத்தில், மருத்துவக் கல்லூரி தெற்கு ஓரத்தில். முதலில் சொன்ன அந்த நாற்பது கி.மீ. கோடு இவர்களுக்குத்தான் உயிர்.

அந்தக் கோட்டில் ஓரளவு வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விழுப்புரம் – நாகப்பட்டினம் நாலுவழிச் சாலை கடலூர் நகரத்துக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போகிறது. கார் வைத்திருப்பவருக்கு நல்ல மிச்சம். கொத்தட்டையில் 2024 டிசம்பரில் சுங்கச்சாவடியும் வந்துவிட்டது, கட்டணத்தை எதிர்த்துத் தனியார் பஸ்காரர்கள் போராடியதும் நடந்தது. ஆனால் ஊர் ஊராக நின்று போகிற பஸ்ஸில் ஏறும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ஜனங்களுக்கு பைபாஸால் ஒரு நிமிடமும் மிச்சமில்லை. அவர்களுக்கு வேண்டியது காலை ஏழு மணிக்குக் கடலூர் போகவும் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பவும் அரை மணிக்கொரு பாசஞ்சர் ரயில். அதற்கும் அதே இரண்டாவது தண்டவாளம்தான் வேண்டும்.

அவசரத்துக்கு ஏர் ஆம்புலன்ஸ் இறங்க ஓடுபாதை வேண்டாமா, புயல் வெள்ளம் வந்தால் நிவாரண விமானம் இறங்க வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2011 டிசம்பரில் தானே புயல் இந்த மாவட்டத்தைத்தான் நார்நாராகக் கிழித்தது. அதற்கு ஓடுபாதையைச் சீராக வைத்திருந்தால் போதும், வைத்திருக்கட்டும். தினசரி டிக்கெட் விற்கும் விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அடுத்த முறை நாற்பது நிமிடம் என்று மேடையில் யாராவது சொன்னால், கீழே இருப்பவர்கள் ஒன்றே ஒன்று கேட்கலாம். இரவு எட்டு மணிக்கு அந்த விமானம் நெய்வேலியில் வந்து இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?